பெண் குரல் அவருடையது

எங்கள் வீட்டில் டூயட் பாட்டெல்லாம் தலைகீழாகத்தான் நடக்கும். ஆண் குரலை நான் பாடுவேன், பெண் குரலை என் வீட்டுக்காரர் பாடுவார். என் குரல் கட்டை. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரியை ஓட்டுகிற அந்த ஆறடி ஆளுக்கோ மெல்லிசான குரல். பேங்கிலிருந்து போன் வந்தால் அவரை "மேடம்" என்பார்கள். அவரும் கோபப்படாமல் பேசி முடிப்பார்.

ஒரு பாட்டு வந்தது, அந்த வருஷம் ரேடியோவைத் திறந்தால் அதுதான். எல்லோருக்கும் பிடித்த இரண்டு பாடகர்கள் சேர்ந்து பாடியது. படம் கிடம் எதுவும் இல்லை, சிங்கிளாக வந்த காதல் பாட்டு. அவன் கூப்பிடுகிறான், அவள் சாக்குச் சொல்கிறாள், கடைசியில் வருகிறேன் என்கிறாள். அவ்வளவுதான் விஷயம். தெங்கேராவில் நான் வேலை பார்க்கும் இரும்புக் கடையிலிருந்து தங்கா பத்துவில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் காரில் அதையே பாடிக்கொண்டு போவோம். நடுவில் வரும் இசைக்குப் பிறகு என் வரி எங்கே ஆரம்பிக்கிறது என்பது எனக்கு ஒரு நாளும் பிடிபட்டதில்லை. அவர்தான் ஸ்டியரிங்கை விடாமல் இடது முழங்கையால் இடிப்பார். வலிக்கும். திட்டிக்கொண்டே பாட ஆரம்பிப்பேன்.

தன் கல்யாண டின்னரில் மாமாவும் அத்தையும் இதைத்தான் பாட வேண்டும் என்று அவருடைய அக்காள் மகள் அப்போதே சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்காத நேரம் அது.

பிறகு அவருக்குத் தொண்டை கட்டியது. லோரித் தூசி என்றார். மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் வேறு பெயர் சொன்னார்கள். ஆள் பிழைக்க வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். மூக்கு இனிமேல் சும்மா அழகுக்கு என்று போனில் தட்டிக் காட்டினார். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் காட்டினார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அதில் வருவது தன் குரல் இல்லை என்று அதை அலமாரியில் போட்டுவிட்டார். அதோடு வெளியே போவதும் நின்றது. கோயில், கல்யாணம், பக்கத்து வீட்டுப் பிறந்தநாள், எதற்கும் வரமாட்டார். பார்க்க வந்தவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? குரல் போனவரிடம், என்னவோ காது போனதுபோல, "சாப்டீங்களா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்கள். அவர் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று நானும் கத்துவேன். வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மனுஷன் மறுபடியும் நாலு பேர் நடுவில் வந்து உட்கார வேண்டும். வீட்டுக்குள் இருந்தபடியே அவர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த அக்காள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் இல்லாமல் முடியுமா? கோயிலில் சடங்குக்கு வந்து நின்றார். மறுநாள் டின்னருக்கும், கழுத்துத் துளையை மூடிய துணி தெரியாதபடி பூப்போட்ட பாத்தேக் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். மூலை மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது கல்யாணப் பெண் எங்கள் மேசைக்கு வந்தாள். என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அத்தை, நீங்க மட்டும் பாடுங்க லா. பொம்பள வாய்ஸ என் நாத்தனார் பாடுவாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அவர் காதிலும் விழுந்துவிட்டது. நான் எழுவதற்கு முன்னால் அவர் எழுந்தார். நேராக மேடைக்குப் போய், தயாராக நின்றுகொண்டிருந்த நாத்தனாரிடம் கையை நீட்டினார். அந்தப் பெண் திகைத்துப்போய் மைக்கைக் கொடுத்துவிட்டாள். நானும் பின்னாலேயே போய் இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டேன்.

கேரோக்கே ஓடியது. முதல் வரி என்னுடையது, பாடிவிட்டேன். அடுத்து அவர் வரி. உதட்டை மைக்கில் ஒட்டி வைத்துக்கொண்டு பாடினார். மூச்சுதான் கழுத்தோடு போய்விடுகிறதே. உதடும் நாக்கும் மோதுகிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் டப் டப்பென்று வந்தது. ஆனால் தாளம் தப்பவில்லை. ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை.

சவுண்ட் சிஸ்டம்காரர் வேறொரு மைக்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார். "சோரி ஆண்ட்டி, வயர் லூஸ் போல. அந்த மைக்க வாங்கிக் குடுங்க."

"மைக் நல்லாதான் இருக்கு தம்பி," என்றேன். "அவரு பாடுறாரு."

சவுண்ட்காரர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. தன் வரியை முடித்துவிட்டுத்தான் வாயை எடுத்தார். நடு இசை வந்தது. எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது, திரையில் ஓடிய எழுத்தும் தெரியவில்லை, பாட்டு எங்கே போகிறதென்றும் தெரியவில்லை.

முழங்கை வந்து விலாவில் இடித்தது. வலித்தது. இந்த முறை திட்டாமல் பாட ஆரம்பித்தேன்.