இருபது செம்புத் தண்ணீர்

“ஜெ வே லவே” என்று முதல் செம்பைச் சாய்க்கிறாள் சம்பூர்ணம். தண்ணீர் மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஓடுகிறது. பெஞ்சில் மல்லாந்து கிடப்பவன் கண்ணை மூடப் பார்க்கிறான். அவளுடைய இரண்டு விரல்கள் இமைகளை விடுவதாக இல்லை.

“எரியுது நர்ஸம்மா!”

“எரியட்டும். எரியலேன்னாதான் நான் பயப்படணும். த்யூ வா லவே, இல் வா லவே... தலையை ஆட்டாதேடா! கண்ணு போய்ட்டா ஆம்பூர் பஜார்ல வாங்கிக்குவியா?”

ஆறு பிரெஞ்சுச் சொற்றொடர் முடியும்போது ஒரு செம்பு காலியாகும். அடுத்த வினைச்சொல், அடுத்த செம்பு. மொத்தம் இருபது. நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பதினைந்து நிமிஷத்துக்கு அரை நிமிஷம் கூடும், குறையாது. சுண்ணாம்பு விழுந்த கண்ணுக்கு அதற்கு ஒரு நொடி குறைந்தாலும் போதாது என்பது முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்று ஓய்வு பெற்று, அவ்வப்போது அவளைப் பார்க்க வந்துபோகும் எனக்குத் தெரியும்.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் தொழிற்சாலையில் அவள் பதினொரு வருஷமாக நர்ஸ். டாக்டர் மாதம் ஒருமுறை வேலூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்றதெல்லாம் அவள்தான். ஆட்டுத்தோலிலிருந்து முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தொட்டிகளில் ஊறவைக்கிறார்கள். நாற்பது பேர் இடுப்புத் துணியோடு அந்தத் தொட்டிகளில் இறங்கித் தோல்களைப் புரட்டுகிறார்கள். விரல் இடுக்கு வெந்துபோகும். நகம் கழன்று வரும். தோல் வழுக்கித் தொட்டியில் திரும்ப விழுந்தால் சுண்ணாம்பு முகத்தில் தெறிக்கும்.

பிரெஞ்சு அவளுக்குப் புதுச்சேரியில் வந்தது. கன்னியாஸ்திரீகளின் அனாதை இல்லத்தில் வளர்ந்து, அவர்களுடைய ஆஸ்பத்திரியிலேயே வேலை பழகினாள். நோயாளியைத் தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். ‘ஜெ வே லவே’ என்றால் கழுவப் போகிறேன்; அப்படியே துடைக்கப் போகிறேன், கட்டுப் போடப் போகிறேன். பாஷையும் படியட்டும் என்று நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு பேருக்கும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார்கள். வேலை பழகின பெண்களுக்குக் கடிகாரம் கொடுக்கவில்லை. அதனால் அதுவே கடிகாரம் ஆயிற்று. பட்டியலில் கடைசி வினை ‘குணமாக்குவது’. அதை மட்டும் சம்பூர்ணம் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள். ஏன் என்று கேட்டேன். “அது நம்ம கையில இல்லே. அதுக்கு எதுக்கு இழுத்து இழுத்துப் பேசணும்?” என்றாள்.

நாற்பத்தாறு வயது. வெள்ளைச் சேலை, முழங்கைக்கு மேல் மடித்த ரவிக்கைக் கை. மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். யார் வணக்கம் சொன்னாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள். நகம் வளர்ந்திருந்தால் பதில் வணக்கம் கிடையாது. கோபம் அவளுக்கு நிரந்தரமானது. அது முற்றும்போது குரல் உயராது, தணியும். குரல் தணிந்தால் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

அந்தக் கோபத்துக்கு ஒரு குழாய்தான் காரணம். சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மானேஜர் முக்தார் அகமதுவுக்குக் கடிதம் எழுதுகிறாள். மூன்று வருஷமாக எழுதுகிறாள். கடிதம் போகும் நாளில் பதிலும் வாயாலேயே வந்துவிடும்.

“போட்டுடப் போறோம்மா. ரெண்டு மாசம்.”

“அந்த ரெண்டு மாசம் எந்தப் பஞ்சாங்கத்துல வருது சாயபு?”

“இன்னாம்மா இது, எப்பவும் பேஜார் பண்றீங்க!”

பிரான்ஸில் மார்சேல்ஸுக்கு அனுப்பும் தோலில் ஒரு கீறல் இருந்தால் இந்த மனிதர் பகல் சாப்பாட்டை மறந்துவிடுவார். ஆளின் தோல் உரிவது அவருக்குக் கண்ணில் படுவதில்லை. இதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்தார்.

குழாய் வராததால் முன்பக்கக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து தன் அறையில் நிரப்பி வைக்கிறாள். அடிபட்டவர்களை அங்கே கூட்டி வருவார்கள். கூட வருபவர் எப்போதும் சுண்ணாம்புப் பகுதி மேஸ்திரி வாஹித் பாஷா. பதினொரு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டதில் இருபது வினைகளும் அவருக்கு மனப்பாடம். ஆட்களுக்கும் பாதி தெரியும். தொட்டியில் தோலை இழுக்கும்போது ஒருவன், ‘நாம் கழுவப் போகிறோம்’ என்பதன் முதல் பாதியாக, “நூ ஸலோன்!” என்பான், மற்றவர்கள் “லவே!” என்று இழுப்பார்கள். “இன்னா நர்ஸம்மா ஓதறீங்க?” என்று யாராவது கேட்டால் சம்பூர்ணம், “உன் வேலையைப் பாரு” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அங்கேதான் பிசகு.

எங்கள் பக்கத்தில் சாயங்காலத் தொழுகை முடிந்து வருபவர்களுக்காகப் பள்ளிவாசல் வாசலில் தாய்மார்கள் காத்து நிற்பார்கள். ஒரு கையில் காய்ச்சல் குழந்தை, மறு கையில் தண்ணீர் டம்ளர். வருபவர்கள் ஓதி, குழந்தைமேலும் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். முஸ்லிம் குழந்தை, இந்துக் குழந்தை என்ற கணக்கு அங்கே இல்லை. ஓதின தண்ணீரில் ஒரு சொட்டு போதும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சம்பூர்ணம் மருந்து வாங்க ரயிலில் வேலூர் போயிருந்தாள். “நான் இல்லாத நாளைக்கு ஒரு ஆளைப் பழக்கணும், ஆள் கொடுங்க” என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். “மேஸ்திரிக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே, இன்னொரு ஆள் எதுக்கு?” என்று முக்தார் அகமது சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குக் கன்னியப்பனின் வலது கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. இருபத்துநான்கு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்.

வாஹித் பாஷா ஓடி வந்து அவனைப் பெஞ்சில் படுக்க வைத்தார். தவலை நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் அதிலிருந்து ஒரு டம்ளர் மட்டும் மொண்டார். டம்ளரை வாயருகில் பிடித்துக்கொண்டு, இருபது வினைகளையும் ஆறு ஆறாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு வினை முடிந்ததும் தண்ணீரில் ஊதினார். கன்னியப்பன் துடித்தான். இரண்டு பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினைந்து நிமிஷம் கழித்து, எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து அவன் கண்ணில் ஒரு சொட்டு வைத்தார். மிச்சத் தண்ணீர் வீணாகக்கூடாது என்று அவனையே குடிக்கச் சொன்னார்.

மத்தியான ரயிலில் சம்பூர்ணம் திரும்பினாள். அவன் அதே பெஞ்சில் கிடந்தான். அவள் மருந்துப் பெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, போட்டுவிட்டாள். இருபது செம்பு அல்ல, தவலை காலியாகும் வரை ஊற்றினாள். வாயைத் திறக்கவில்லை. பிறகு மாட்டுவண்டி பிடித்து அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், வந்த வழியே வேலூருக்குத் திரும்பினாள்.

புறப்படும்போது வாஹித் பாஷா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அல்லா சாட்சியா சொல்றேன் நர்ஸம்மா, ஒரு எழுத்துகூட நான் தப்பா சொல்லலே.”

அவள் குரல் தணிந்தது. “தெரியும் மேஸ்திரி. கையை எடுங்க.”

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: கருவிழி வெந்துவிட்டது. வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது. உடனே கழுவியிருந்தால் தப்பியிருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் திரும்பியதும் முக்தார் அகமது அவளை அறைக்குக் கூப்பிட்டார். செய்தி கேட்டு வந்திருந்த நானும் போனேன். “மேஸ்திரி நல்லதுதானேம்மா நினைச்சான். நீங்க சொல்ற அதே வார்த்தையைத்தானே சொல்லியிருக்கான்? நசீபு, தலையெழுத்து, இன்னா பண்றது. அடுத்த மாசம் குழாய் போட்டுடப் போறோம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டியிருந்தது. சம்பூர்ணம் கதவைத் திறந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: “அந்தாளு குழாய் போடலே. நான் வாய் திறந்து சொல்லலே. ‘இது மந்திரம் இல்லேடா, நேரம் பாக்கறதுக்கு’ன்னு ஒரு வார்த்தை. பதினொரு வருஷத்துல ஒரு வார்த்தை. திமிரு எனக்கு.”

அவள் சொன்னதில் தவறு இருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கு முன் அவள் சுண்ணாம்புப் பகுதிக்குள் போனாள். கிணற்றிலிருந்து தானே சுமந்து வந்த நான்கு வாளிகளை வரிசையாக வைத்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் தொட்டிகளைச் சுற்றி நின்றார்கள். கவிழ்த்த மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள். இரண்டு விரலால் தன் வலது கண்ணைத் தானே விரித்துப் பிடித்தாள்.

“மேஸ்திரி, ஊத்துங்க.”

வாஹித் பாஷா செம்பை எடுத்தார். பழக்கத்தில் உதடுகள் அசைந்தன.

“வாயை மூடுங்க. ஒண்ணும் சொல்லக்கூடாது. தண்ணிதான் வேலை செய்யுது. ஊத்துங்க.”

ஊற்றினார். தண்ணீர் அவள் காதுக்குள் இறங்கிக் கழுத்து வழியாக ரவிக்கையை நனைத்தது. செம்பு காலியானதும் அவர் நிறுத்தினார். சம்பூர்ணம் விரித்த இமைகளை விடவில்லை. மறு கையை நீட்டி, பார்க்காமலே, வாளியைக் காட்டினாள்.