ரெண்டாங் கட்டம்

நிறைவேறாது என்று தெரிந்ததை ஒரு மனிதர் இருபத்தாறு வருடம் இவ்வளவு நேர்த்தியாக வரைவது எதனால்? வரைபடத்தின் மேல் குனிந்து, பென்சில் சீவிய தூளைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, அவர் இன்னொரு தெருவுக்குப் பச்சை பூசுகிறார்.

நகராட்சித் திட்டப் பிரிவின் வரைவாளர். ஐந்தாண்டுத் திட்டத்தில் முதல் கட்டம் சிவப்பு, இரண்டாம் கட்டம் பச்சை. சிவப்புத் தெருவுக்கு வடிகால் வரும். பச்சைத் தெருவுக்கு அடுத்த திட்டம் வரும், அதிலும் பச்சையாகவே. புதிய தலைவர், புதிய தொலைநோக்கு, திட்டப் புத்தகத்துக்குப் புதிய அட்டை. "உள்ள அதே தெருதான். அட்டைக்கு மட்டும் வயசே ஆகாது" என்பார், சிரிக்காமல். அலுவலகத்தில் அவர் பெயரே 'ரெண்டாங் கட்டம்'. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அவரை எளிதில் பாராட்டிவிட முடியாது. மனுவோடு வருபவர்களிடம் வரும் என்றோ வராது என்றோ சொன்னதில்லை. "திட்டத்துல இருக்கு" என்பார். அது பொய்யில்லை, அதுதான் அதன் குறை.

இம்முறை சிவப்பில் ஒரே ஓர் இடம் மிஞ்சியது. அவர் தெருவும், பிள்ளைகள் சாக்கடைத் தண்ணீரில் நடந்து போகும் பள்ளிக்கூடத்துப் பின்தெருவும் போட்டியில் இருந்தன. மதிப்பெண் போட்டவர் இளம் பொறியாளர்.

"சார், உங்க தெரு முப்பத்தொண்ணு, பின்தெரு முப்பது. ஒரு மார்க்குல ஜெயிச்சிருச்சு. ஒரு தடவையாவது வீட்டுக்குச் சிவப்பு பூசுங்க."

வீட்டில் அக்கா. மூட்டு தேய்ந்து, கட்டிலைவிட்டு இறங்கவே கைத்தாங்கல் வேண்டும். மழை வலுத்தால் சாக்கடைத் தண்ணீர் கட்டிலுக்கடியில் வந்து நிற்கும். "ஊருக்கெல்லாம் வரையுற தம்பி, இது ஒண்ணுதான் உன் கைக்கு எட்டலையா?" என்று அன்று காலையும் கேட்டிருந்தாள்.

மறுநாள் வரைபடம் கையெழுத்துக்குப் போனபோது பின்தெரு சிவப்பாக இருந்தது. அவர் தெரு பச்சை. தலைவர் பார்க்காமலே கையெழுத்திட்டார்.

"என்ன சார் இது, மாத்திட்டீங்களா?" என்றார் பொறியாளர்.

"வரைஞ்சாச்சு."

மாலையில் சைக்கிளில் எட்டுச் செங்கல் கொண்டு வந்தார். அக்காவை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, கட்டிலின் ஒவ்வொரு காலுக்கடியிலும் இரண்டிரண்டாக அடுக்கினார்.

"எதுக்குடா இவ்வளவு உசரம்? நான் எப்படி இறங்குவேன்?"

ஆடாமல் நிற்கிறதா என்று இரு கைகளாலும் கட்டிலை அழுத்திப் பார்த்தார்.