லிவர்மோரில் போட்ட முடிச்சு

மூன்றாம் வகுப்போடு நின்ற நான், கம்பம் பள்ளத்தாக்கில் கிணறு வெட்டி, திராட்சைப் பந்தல் போட்டு, மகளை இன்ஜினீயராக்கினேன். யாருக்கும் பயந்ததில்லை, அமெரிக்காவில் மகள் இருக்கும் லிவர்மோர் போகும்வரை.

அங்கே மகளும் நானும் போன் காட்டிய வழியில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி நடந்தோம். வேலிக்குள் ஒரு கொடி தரையில் கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? உள்ளே நுழைந்து, துண்டைக் கிழித்துக் கம்பியோடு கட்டினேன்.

“அப்பா, வெளிய வாங்க. அடுத்தவங்க ப்ராப்பர்ட்டி, சுட்டுடுவாங்க.”

அதற்குள் டிரக் வந்து நின்றது. இறங்கிய தோட்டத்துக்காரர் இடுப்பில் துப்பாக்கி. கால் நடுங்க, கும்பிட்டபடி நின்றேன். மகள் “சாரி, சாரி” என்று குழறினாள். அவர் என் முடிச்சை இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை. சிரித்து, கைகொடுத்துவிட்டுப் போனார்.

தன் இங்கிலீஷ்தான் காப்பாற்றியது என்று அங்குள்ள நம்மூர்க்காரர் கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறாள் மகள். நான் நடுங்கியதையும் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். முடிச்சு போட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.