மாஹிம் ஸ்டேஷனில் அவிழ்ந்த முடிச்சு

அரிசியை உடம்போடு கட்டிக்கொண்டால் முதலில் குளுகுளுவென்று இருக்கும். ரயில் அந்தேரியைத் தாண்டுவதற்குள் வியர்வையில் நனைந்து, இடுப்பைச் சுற்றி ஊசி ஊசியாகக் குத்தும்... சொறியக் கூடாது. சொறிந்தால் பக்கத்தில் இருப்பவள் பார்ப்பாள்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் அரிசிக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. ரேஷனில் கொஞ்சம் அரிசி போட்டுவிட்டு மீதிக்குக் கோதுமையும் சிவப்புச் சோளமும் அளப்பார்கள். வெளியிலிருந்து அரிசி கொண்டுவரத் தடை. நாங்களோ தாராவியில் இட்லி விற்றுப் பிழைத்த நாலு வீட்டுக்காரிகள்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது இருபது வயது. வயிற்றில் ஏழு மாதம்.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா நகரத்துக்கு வெளியே விரார் பக்கம் ரயிலில் போய் அரிசி வாங்கி, சேலைக்குள் கட்டிக்கொண்டு வருவாள். நானும் வருகிறேன் என்றதும் கோபப்பட்டாள்.

“நீ வராதட்டி. வாயும் வயிறுமா இருக்க.”

“நேத்துல இருந்து எங்க வீட்டுல அடுப்பு எரியலக்கா.”

அதற்கு மேல் அவள் தடுக்கவில்லை.

போனது சுலபமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து மாஹிமில் இறங்கியபோதுதான் பார்த்தோம்... பாலத்துப் படிக்கட்டுக்குக் கீழே இரண்டு போலீஸ்காரர்கள். கூடவே பெண்களைச் சோதிக்க ஒரு பெண். நாங்கள் வந்த ரயில் கிளம்பிவிட்டது.

“நிக்காத. நின்னா சந்தேகப்படுவாவ. நட, நான் பின்னால வாரேன்” என்று அக்கா முணுமுணுத்தாள்.

அந்தப் பெண் என்னை நிறுத்தினாள்.

“கித்வா மஹினா?” எத்தனையாவது மாதம் என்று மராத்தியில் கேட்டாள்.

“சாத்...” ஏழு என்றேன்.

நம்பாமல் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே பிள்ளை ஓங்கி ஒரு உதை விட்டது. அவள் முகம் சட்டென்று இளகியது. ஆனால் கையை எடுக்கவில்லை. அது மெல்ல நகர்ந்து, பக்கவாட்டில், அரிசி கட்டியிருந்த இடுப்புக்குப் போனது... இந்த வயிற்றோடு லாக்கப்பா?

பின்னால் சரசரவென்று ஒரு சத்தம்.

திரும்பினேன். பேச்சியக்காவின் சேலைக்குள்ளிருந்து அரிசி கொட்டிக்கொண்டிருந்தது. பிளாட்பாரம் முழுக்க வெள்ளையாக.

“ஐயோ, அவுந்து போச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். என்னை விட்டுவிட்டு மூன்று பேரும் அவளிடம் ஓடினார்கள். அந்தக் களேபரத்திலும் அவள் கண் ஒரு தடவை என்னைப் பார்த்தது. அப்புறம் படிக்கட்டைப் பார்த்தது.

நான் ஏறிப் போய்விட்டேன்.

வீட்டில் அரிசியை அவிழ்த்து வைத்தேன். மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் ஒரு மணியைக் கூடத் தொடவில்லை. அக்காவின் பிள்ளைகள் எங்கள் வாசலில் சந்து முனையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். ஜாக்கெட் கை கிழிந்திருந்தது. உட்கார வைத்துத் திட்டி, கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள்.

“முடிச்சு எப்படிக்கா அவுந்துது?”

ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

“ரெட்டை முடிச்சுல்லா போட்டிருந்தேன். அவுக்கதுக்குள்ள உயிரு போயிட்டு.”

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

“இனிமே ஒருத்தியும் ரயில் ஏற வேண்டாம். இந்த அரிசியோட ரேஷன் சோளத்தையும் சேத்து ஊறப் போடுங்க. நாலு வீட்டுக்கும் ஒரே மாவு. வாரதை நாலாப் பிரிச்சுக்கிடுவோம்.”

முதல் நாள் இட்லி கல்லு மாதிரி இருந்தது. வாங்கியவர்களே திருப்பிக் கொடுத்தார்கள். நாங்களே தின்று தீர்த்தோம். மறுநாள் அதே மாவைத் தோசையாக ஊற்றினாள் அக்கா. சிவந்து, மொறுமொறுவென்று... ஒர்க்‌ஷாப் ஆட்கள் நின்று வாங்கித் தின்றார்கள். “சிவப்பு தோசை”க்காரிகள் என்று எங்களுக்குப் பெயரே வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் புண் ஆறாத கையோடு மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டுப்பாடு தீரும்வரை நாலு வீட்டிலும் உலை வைத்தோம். எனக்குப் பிரசவமான அன்றுகூட என் பங்கு வீடு வந்து சேர்ந்தது.

பேச்சியக்கா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நான் இப்போது மகளோடு திலக் நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பகலில் எல்லோரும் ஆபீஸ் போய்விடுவார்கள்.

போன வாரம் மகள் போனிலேயே ஆர்டர் போட்ட அரிசி மூட்டையை ஒரு பையன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நல்ல பொன்னி அரிசி. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் என்னால் தூக்க முடியவில்லை. எதிரே மூன்று கதவுகள், மூன்றும் சாத்தியிருந்தன. யாரைக் கூப்பிடுவது, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்...

பிறகு மூட்டையை அங்கேயே பிரித்து, கிண்ணம் கிண்ணமாக அள்ளி உள்ளே கொண்டுபோனேன்.