உயிரோடிருப்பவனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தவர்கள் என் விரோதிகள் இல்லை. நான் செய்த விளையாட்டை என்னைவிட அதிகமாக நேசித்தவர்கள். இதை அப்பாவுக்குப் புரியவைக்க எவ்வளவோ முயன்றேன். இப்போது யோசித்தால் எனக்கே அது புரியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

செல்போனில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு அது. ஒரு கம்பெனியில் பில்லிங் மென்பொருளோடு மாரடிக்கிற நான், மிச்ச நேரத்தில் தனியாளாக உட்கார்ந்து செய்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, காவிரிப் பாலம் ஏறி, ஸ்ரீரங்கம், டோல்கேட் வழியாகச் சமயபுரம் வரை போகலாம். ஹாரன் சத்தம் நிஜப் பஸ்ஸில் பதிவு செய்தது. வெளிநாட்டு பஸ் விளையாட்டுகளில் சாலை துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடக்கும். என்னுடையதில் குறுக்கே ஷேர் ஆட்டோ வரும், கைகாட்டியும் நிறுத்தாமல் போனால் திட்டு விழும். அதற்காகவே நம் ஆட்கள் அதைக் கொண்டாடினார்கள்.

விளையாடுகிறவர்களுக்கென்று ஒரு குரூப் இருந்தது. தங்களை டிரைவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அங்கே பெயர் கிடையாது, அண்ணாதான். குரூப்பை நடத்தியவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர், பொன்மலைக்காரர், கல்லூரிக்குப் போகிற பெண் இருக்கிறாள், அவரும் என்னை அண்ணா என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சத்திரத்துக்கு வரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "நம்ம ஊரை இப்படி யாருண்ணா காட்டியிருக்கா? நீங்க எங்க சொத்துண்ணா" என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. சொத்து என்றால் அதற்கு உரிமைக்காரர்கள் உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஊருக்கு வெளியே பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்ட் கட்டி, வெளியூர் பஸ்களெல்லாம் அங்கே போயின. நிஜத்தில் புதிய பஸ் ஸ்டாண்ட் திறந்த நாளிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள்: அண்ணா, நம்ம கேம்ல பஞ்சப்பூர் எப்ப? பொங்கலுக்கு வரும் என்று நானும் வாயைவிட்டேன். பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவுக்கு நெஞ்சுவலி. தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தோம். பஞ்சப்பூர் அப்படியே நின்றது.

குரூப்பில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தாமதமாகும், மன்னியுங்கள் என்று. முதலில் கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன. ஒரு வாரம் தாங்கியது அந்த அன்பு. அப்புறம் ஒருவர், எல்லா டெவலப்பரும் இதையேதான் சொல்கிறான் என்றார். போன மாசம் இன்னொரு கேம்காரனுக்கு அம்மா, இந்த மாசம் நம்மாளுக்கு அப்பா என்றார் அடுத்தவர். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் போடுங்கண்ணா, நம்புகிறோம் என்றார் இன்னொருவர். வெட்கக்கேடு என்னவென்றால், நான் அதைப் படம் எடுக்கவே போனேன். என் மனைவிதான் போனைப் பிடுங்கி, "உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினாள்.

எங்கள் ஊரில் பெருமாளிடம் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண் இருக்கா உனக்கு என்று சன்னதியிலேயே கேட்பார்கள், கேட்டுவிட்டுத் தீர்த்தம் வாங்கிக்கொண்டு போவார்கள். உரிமை இருப்பதால் திட்டுகிறார்கள் என்று நானும் அப்படியே எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். பெருமாளுக்கு அது தாங்கும், சயனத்தில் இருக்கிறார். எனக்குக் காலையில் எழுந்து ஆபீஸ் போகவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை போஸ்டர் வந்தது. ஊதா நிறப் பின்னணி, மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மாலை போட்ட என் படம். கீழே என் முழுப்பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில், பஞ்சப்பூர் அப்டேட் தராமலே போய்விட்டாயே அண்ணா, வருந்தும் டிரைவர்கள் என்று இருந்தது. இந்த மாதிரிக் கேலியை நானும்தான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், தோற்றுப்போன கிரிக்கெட் அணிக்குக்கூடப் போடுவார்கள். ஆனால் படத்தில் என் தோளில் யாருடைய விரல்களோ இருந்தன. சத்திரத்தில் எடுத்த அதே படம். பொன்மலைக்காரர் தன்னை வெட்டிவிட்டு, கையை மறந்து விட்டிருந்தார்.

யாரோ ஒரு டிரைவர் அதை ஸ்டேட்டஸில் வைக்க, எங்கள் தெருவிலேயே இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துப் பதறி, பொடி எழுத்தைப் படிக்காமலே எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள். பெரிய எழுத்தும் மாலையும் அவர்களுக்குப் போதும். என் போன் அடிக்க ஆரம்பித்தது. நான் ஹலோ என்றதும் ஒரு மாமா சட்டென்று போனை வைத்துவிட்டார். அடுத்தவருக்கு நான் உயிரோடு இருப்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீரங்கத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் அப்பாவின் போனும் அடித்திருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து அத்தை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், வீட்டில் அப்பா மட்டும். "அண்ணா, எத்தனை மணிக்கு எடுக்கறேள்? நாங்க கெளம்பிண்டிருக்கோம்" என்று அழுதிருக்கிறாள் அத்தை. அப்பா யாரை என்று கேட்டிருக்கிறார். அவள் சொல்லியிருக்கிறாள்.

அப்பா என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், லைன் பிஸி. சட்டைகூடப் போடாமல், துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டோ பிடித்துவிட்டார். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மனிதர், என் வீட்டின் இரண்டு மாடியும் ஏறி வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். வாசலில் நின்றபடியே என் கன்னத்தைத் தொட்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

"நீதானேடா?" என்றார்.

"நான்தான்ப்பா."

சோபாவில் உட்கார வைத்து, நாக்குக்கடியில் மாத்திரை வைத்தோம். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அப்பா கேட்டார். "யாருடா அவா? நீ என்ன கெடுதல் பண்ணினே அவாளுக்கு?"

"ஒண்ணும் பண்ணலைப்பா. என் கேம் ரொம்பப் பிடிச்சவா. அடுத்தது சீக்கிரம் வரலேன்னு கேலி பண்ணிருக்கா."

"பிடிச்சவாளா?" என்றார் அப்பா.

பொன்மலைக்காரருக்குப் போன் செய்தேன். வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும் என்றுதான் செய்தேன். அவர் உண்மையிலேயே பதறினார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், வந்து காலில் விழட்டுமா என்றார். அப்புறம் குரல் கொஞ்சம் தேறி, "ஜாலிக்குப் போட்டதுண்ணா. பாசம் இல்லாதவனுக்கு யாருண்ணா இவ்வளவு மெனக்கெட்டு போஸ்டர் அடிப்பான்?" என்றார். நான் திட்டவில்லை. பகையாக இருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியாது.

அன்று மாலை குரூப்பில், நான் உயிரோடு இருக்கிறேன், உங்கள் போஸ்டரை நம்பி என் அப்பா ஓடிவந்தார், தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். சிரிக்கும் படங்கள் வந்தன. சிலர் சாரிண்ணா என்றார்கள். ஒருவர், செம பப்ளிசிட்டிண்ணா என்றார். அதற்கு அடுத்த செய்தி, அப்ப பஞ்சப்பூர் எப்பண்ணா. அதற்கு விழுந்த ஹார்ட்டுகள்தான் அன்று அதிகம்.

அதன்பிறகு நான் அந்த வேலையைத் திறக்கவில்லை. பஞ்சப்பூர் பாதி கட்டிய தூண்களோடு என் கம்ப்யூட்டரில் நிற்கிறது. ஆத்திரத்தில் நிறுத்தவில்லை. ஒரு தூணை வைக்கப் போனால், இதைப் பார்த்து யார் என்ன சொல்வான் என்று மனசு முந்திக்கொண்டு போகிறது. தாளமாட்டாமல் மூடிவிடுவேன். வருடக்கணக்காக எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அது.

அப்பா போன் பேசுவதையே விட்டுவிட்டார். அணைத்து பீரோவில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "அதுல வர்றதெல்லாம் நம்ப முடியாதுடா" என்பார். மற்றபடி சாப்பாடு, மாத்திரை, கோயிலில் பெருமாள் சேவை என்று எல்லாம் பழையபடி. நேரில் போகும்போதெல்லாம் சாதாரணமாகப் பேசினார். நடந்ததை மறந்துவிட்டார் என்று நானும் அம்மாவும் நிம்மதியாக இருந்தோம்.

போன வாரம் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார்.

"சார், உங்க அப்பா இன்னிக்கு இன்னும் வரலையே, உடம்பு நல்லா இருக்குல்ல?"

எந்த அப்பா என்று கேட்டேன்.

"டெய்லி வர்றாரே சார், ஸ்ரீரங்கம் பஸ்ல. நீங்க உள்ள இருக்கீங்களான்னு கேப்பாரு. கூப்பிடவான்னா, வேணாம், தொந்தரவு பண்ணாதீங்கோ, இருக்கானான்னு மட்டும் எட்டிப் பாத்துச் சொல்லுங்கோன்னுவாரு. நான் பாத்துட்டு வந்து, இருக்காருன்னு சொல்லுவேன். போயிடுவாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல சார் நெனச்சேன்."