மச்சினனைக் கிளப்பிய மாத்திரை

சலூன்காரருக்குத் தைராய்டு கோளாறு. கதிரியக்க அயோடின் மாத்திரையை விழுங்க வைத்த டாக்டர், வீட்டில் சில நாள் தனி அறையில் படுக்க வேண்டும், யாரையும் ஒட்டி உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டிலிருந்த ஒரே தனி அறையில் மனைவியின் தம்பி குடியிருந்தார். வேலை தேடி வந்தவர். இரண்டு வருஷமாக வேலைதான் அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

“மாமா, பக்கத்துல வந்தா என்ன ஆகும்?” என்று வாசலில் நின்றே கேட்டார்.

“ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் தள்ளியிருந்தா போதுமாம்.”

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று மச்சினன் கேட்கவில்லை. ஜாடைப் பேச்சுக்கும் நேரடிச் சண்டைக்கும் அசையாத மகான், அன்று சாயங்காலமே பெட்டியோடு அடுத்த ஊர் நண்பன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அக்காவைப் பற்றிய கவலைக்கு மட்டும் பெட்டியில் இடமில்லை போலிருக்கிறது.

டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது தம்பியின் போன் வந்தது.

“அக்கா, மாமாவுக்குச் சரியாயிடுச்சா? நான் வரட்டுமா?”

சலூன்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “இப்ப வராதடா. மாமாகிட்டேயிருந்து எனக்கும் தொத்திக்கிச்சு.”

இது தொற்றுநோயில்லை என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.