ஒரு வோல்ட்கூட அளக்காத கருவி

ஃப்ரீசரைத் திறப்பதற்கு முன் என் மச்சான் புறங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார், தூங்குகிற நாயை எழுப்புவதுபோல. ஒருமுறை ஷாக் வாங்கிய பிறகு வந்த பழக்கம். மச்சான் என் மனைவியின் அண்ணன். மலேசியாவின் ஜித்ராவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். ஷாக் அடித்த நாளிலிருந்து, மற்றவர்கள் விபூதி பூசுகிற சிரத்தையோடு அவர் கண்ட இரும்புக்கெல்லாம் பச்சை எர்த் வயர் கட்ட ஆரம்பித்தார். கிரைண்டருக்குக் கட்டினார், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கட்டினார், சுவரில் சாத்தியிருந்த ஏணியையும் விடவில்லை.

போன தீபாவளிக்குச் சற்று முன், அந்த ஃப்ரீசரின் கம்ப்ரசர் இரண்டாம் முறையாகக் கருகியது. மதியம் கூட்டம் ஏறும்போது விளக்குகள் மங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் மட்டும் நம்பவில்லை. "உங்க ஃப்ரீசர் பழசு லா," என்பார். வோல்டேஜ் இறங்குவதைக் கண்ணில் காட்டினால் வயரிங்கை மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். காட்ட முடியாவிட்டால் தீபாவளி ஆட்டிறைச்சி ஆர்டர்களைத் திருப்பிவிட்டுக் கடையையே காலி செய்வதாக மச்சான் முடிவெடுத்திருந்தார்.

மின்சாரம் பற்றி நிறையப் படித்தவன், ஒரு பல்பை ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் என்ற இரு தகுதிகளோடு நான் உள்ளே நுழைந்தேன். கையில் பிடிக்கிற மீட்டரே போதும் என்று வயர்மேன் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடிக்கணினித் திரையில் கோடு சரிந்து விழுகிற அழகு மீட்டரில் வருமா? அதற்காக நானே செய்த கருவி இரண்டு பாதி. ஒன்று நேராக மின்சாரத்தோடு உறவாடும். அதன் கிரவுண்ட், அதாவது அளவு தொடங்கும் பூஜ்யப் புள்ளி, நியூட்ரல் கம்பி. மற்றது மடிக்கணினியோடு சேர்ந்தது. அதன் கிரவுண்ட் சார்ஜர் வழியாக எர்த்துக்குப் போகும். நடுவிலுள்ள சிப் சேதியை ஒளியாக மட்டும் கடத்தும். பேச்சு நின்றுபோன சம்பந்திகள் மண்டபத்தில் கண்ணாலேயே தகவல் சொல்லிக்கொள்வார்களே, அந்த ஏற்பாடு. அதனால்தான் மின்சாரப் பாதிக்குத் தனியாக ஒரு பேட்டரி.

"சுவர் பூரா கரண்ட் ஓடுது மாப்ள. அதுக்குப் போய் பேட்டரியா?" என்றார் மச்சான்.

"ரெண்டு பக்கமும் ஒட்டவே கூடாது மச்சான். ஒட்டினா செஞ்சதெல்லாம் வீண்."

"ஒரு கடைக்கு எதுக்கு லா ரெண்டு கிரவுண்டு?"

அந்தக் கவலை அவரை விடவில்லை. மறுநாள் மதியம் கட்டடக்காரரை வரவேற்க நான் வாசலுக்குப் போன நேரத்தில், மச்சான் இரண்டு கிரவுண்டையும் ஒரு பச்சை வயரால் இணைத்துவைத்தார். பாதுகாப்புக்காம்.

சுவிட்சைப் போட்டேன். 'டக்'. அவ்வளவுதான். நியூட்ரலும் எர்த்தும் கைகோத்ததில் மெயின் பிரேக்கர் விழுந்து கடை முழுக்க இருண்டது. பிளக்கில் கம்பிகள் இடம் மாறியிருந்தால் இதை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

"இதுதான் உங்க மெஷினா?" என்று கட்டடக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரிப்பு முடிவதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து ஓர் இரைச்சல் அடங்குவது கேட்டது. அந்தப் பக்கம் இருப்பது கட்டடக்காரரின் சொந்த டோபி கடை, காசு போட்டால் மெஷின் துணி துவைத்து உலர்த்தித் தரும். ஈரத் துணியும் கையுமாக ஒரு பெண் ஓடிவந்தாள். "அண்ணே, டிரையர் எல்லாம் பாதியில நின்னுபோச்சு!"

மச்சான் அவளைப் பார்த்தார். கட்டடக்காரரைப் பார்த்தார். என் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிரேக்கரை ஏற்றினார். பக்கத்தில் டிரையர்கள் உறுமின. இறக்கினார், நின்றன. மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினார். அது ஆசைக்கு.

"போதும் லா, நிறுத்துங்க," என்றார் கட்டடக்காரர். யாரோ ஒரு வயர்மேன் அவசரத்துக்கு மச்சான் கடை லைனிலிருந்து இழுத்த இணைப்பாக இருக்கும் என்று நின்றுபோன மின்விசிறியிடம் விளக்கம் சொன்னார்.

அந்த வாரமே டோபி கடைக்குத் தனி லைன் வந்தது. புதுக் கம்ப்ரசர் போட்ட ஃப்ரீசரில் ஆட்டிறைச்சி தீபாவளிவரை உறைந்து கல்லாக இருந்தது. இன்றும் நான் சாப்பிடப் போனால், மச்சான் பக்கத்து மேசைக்காரர்களிடம் பெருமை அடிப்பார்: "எங்க மாப்ள செஞ்ச மெஷின். சுவிட்சைப் போட்ட உடனே தப்பைக் கண்டுபிடிச்சிருச்சு!"

அது இன்றுவரை ஒரு வோல்ட்கூட அளந்ததில்லை. இடையில் வந்த வயரைப் பற்றி அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. என் இலைக்கு மட்டும் பாயசம் இரண்டாம் முறை வருகிறது.